குட்டி நாயை ஆறுதல் பணிக்குப் பழக்குதல்



படப்பை அருகே நவரைப் பட்டத்து நெல் சாகுபடி பற்றிய பயிற்சி ஒன்று முடிந்து புறப்படும் நேரத்தில் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "சார், நெல்லைப் பத்திக் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு. நாயைப் பத்தி ஒண்ணு கேக்கலாமா?" என்றார். அவருடைய பேத்திக்கு ஏழு வயது. பேச்சு மிகக் குறைவு. தாம்பரம் பக்கம் உள்ள ஒரு சிறப்புப் பள்ளிக்குச் சென்று வருகிறாள். வீட்டில் வளரும் நான்கு மாதக் குட்டியிடம் மட்டும் நாள் முழுவதும் ஏதேனும் சொல்லிக்கொண்டே இருப்பாளாம். இதைக் கேள்விப்பட்ட ஆசிரியை, குட்டி வளர்ந்த பிறகு வாரம் ஒரு முறை பள்ளிக்கு அழைத்து வர முடியுமா, மற்றப் பிள்ளைகளுக்கும் உதவியாக இருக்குமே என்று கேட்டிருக்கிறார். "கூட்டிக்கிட்டுப் போகலாமா சார்? போன இடத்துல ஒரு குழந்தையைக் கடிச்சிட்டா என்ன பண்றது?" என்பதுதான் பெரியவரின் கேள்வி.

அன்று அவருக்கு நின்ற இடத்தில் சொன்ன பதில் போதவில்லை. முடிச்சூர், மணிமங்கலம், ஊரப்பாக்கம், அகரம்தென், வேங்கைவாசல் என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வயலுக்குப் பக்கத்திலேயே பள்ளிகளும் முதியோர் இல்லங்களும் வந்துவிட்டன. இதே கேள்வி இன்னும் சிலருக்கு வரக்கூடும். பயிர் நூல் கற்பிப்பவன் நாயைப் பற்றி எழுதுவானேன் என்று எண்ண வேண்டாம். கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்ததையும், நானே ஒரு நாயை வளர்த்துத் தவறு செய்து தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறேன்.

ஆறுதல் நாய் என்பது எது?

காவல் நாய் வேறு, காவல்துறையின் மோப்ப நாய் வேறு. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் ஒரே ஒருவருக்காக நாள் முழுவதும் உழைக்கும் நாய். நாம் பேசப்போவது இவற்றில் எதையும் அல்ல. தெரபி நாய் என்று சொல்லப்படுவதை இக்கட்டுரையில் ஆறுதல் நாய் என்றே குறிப்பிடுகிறேன். இது தன் வீட்டில், தன்னை வளர்ப்பவரோடு வாழும். குறித்த நாளில், குறித்த நேரம் மட்டும் பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ வளர்ப்பவருடன் சென்று திரும்பும்.

அங்கே அது செய்வது சிறிய வேலைதான். படுத்திருக்கும். தடவ விடும். பந்தை எடுத்து வரும். சீப்பால் வாரிவிடும்போது பொறுமையாக நிற்கும். ஆனால் அந்தச் சிறிய வேலையால் நடப்பதைப் பாருங்கள். கை விளங்காத குழந்தையை 20 முறை கையை நீட்டி மடக்கச் சொன்னால் அழும். அதே குழந்தை நாயின் முதுகை வாரும்போது தானாகவே 20 முறை நீட்டி மடக்கிவிடும். இயன்முறை மருத்துவருக்கு வேண்டியதும் அதுதான். எழுத்துக் கூட்டிப் படிக்க வெட்கப்படும் பிள்ளை, தப்பைத் திருத்தாத ஒரு நாயின் பக்கத்தில் உட்கார்ந்தால் வாய்விட்டுப் படிக்கும். யாரிடமும் பேசாத முதியவர், தம் சிறு வயதில் வீட்டில் இருந்த நாயைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாய் மருந்தல்ல. ஆட்டிசம் தீரும், வாதம் தீரும் என்று யாரேனும் கூறினால் நம்ப வேண்டாம். ஆசிரியரும் மருத்துவரும் செய்யும் வேலைக்கு நாய் ஒரு துணை. அவர்கள் அருகில் இல்லாமல் நாயை மட்டும் குழந்தைகள் நடுவில் விட்டுவிடுவது ஆறுதல் பணி ஆகாது.

இந்த முறை எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகக் கூறுகிறேன். அமெரிக்காவில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை மனநல நிபுணர் இருந்தார். ஒரு நாள் குறித்த நேரத்துக்கு முன்பே ஒரு சிறுவனைப் பெற்றோர் அழைத்து வந்துவிட்டனர். அறையில் அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் இருந்தது. யாரிடமும் ஒட்டாத அந்தச் சிறுவன் நாயிடம் ஒட்டிக்கொண்டான். இதைக் கண்ட லெவின்சன், நாயைச் சிகிச்சைத் துணையாகக் கொள்வது பற்றி 1962இல் எழுதினார். 1976இல் அதே நாட்டில் எலெய்ன் ஸ்மித் என்ற செவிலியர் இப்பணிக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1991இல் ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் என்பவர் தம் நாய் மாக்ஸைக் குழந்தைகள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அதிலிருந்து 'டாக்டர் டாக்' என்ற திட்டம் பிறந்தது.

அத்திட்டம் நம் சென்னைக்கும் வந்தது. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் அமைப்பு, வேளச்சேரியை இருப்பிடமாகக் கொண்டது, இங்கே இதை நடத்தியது. ஆழ்வார்ப்பேட்டையில் சி.பி. ராமசுவாமி ஐயர் அறக்கட்டளை நடத்தும் சரஸ்வதி கேந்திரத்தில் கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கு நாயின் துணையோடு வகுப்புகள் நடத்தப்பட்டன. ஆகவே இது நம் மண்ணுக்குப் புதிதல்ல.

எந்தக் குட்டி ஏற்றது?

இந்தக் கேள்வி வந்தவுடன் எல்லோரும் இனத்தைத்தான் கேட்கிறார்கள். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் இனங்கள் இப்பணிக்கு அதிகம் பயன்படுகின்றன என்பது உண்மை. அதற்காகப் பெரும் பணம் கொடுத்து அக்குட்டிகளை வாங்க வேண்டும் என்பதில்லை. கலப்பின நாயும், நம் தெருவில் பிறந்த நாட்டு நாயும் இப்பணியைச் செய்யும். நாட்டு நாய்க்கு நம் வெயில் பழக்கம், தோல் நோய் குறைவு என்பது கூடுதல் நன்மை.

ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை பற்றிக் கேட்பவர்கள் உண்டு. கால்நடை பராமரிப்புத் துறை 1980-81இல் சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியதே இத்தகைய நம் இனங்களைக் காக்கத்தான். அழகும் வீரமும் உள்ள நாய்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக வேட்டைக்கும் காவலுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஒரே எசமானரிடம் ஒட்டி, அந்நியரைத் தள்ளி வைப்பதே அவற்றின் பெருமை. முன்பின் தெரியாத பத்துப் பிள்ளைகள் கழுத்தைக் கட்டிக்கொள்வதைப் பொறுத்துக்கொள் என்று அவற்றைக் கேட்பது நியாயமன்று. விதிவிலக்கான குட்டி இருக்கலாம். அதை எதிர்பார்த்து வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இனத்தைவிடத் தாயைப் பாருங்கள். அந்நியர் வந்தால் தாய் நாய் ஓடி ஒளிகிறதா, பாய்கிறதா, அல்லது மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறதா? மூன்றாவது வகைத் தாயின் குட்டியே நமக்கு வேண்டும். குட்டிகளுக்கு நடுவே ஒரு எவர்சில்வர் தட்டைச் சற்றுத் தள்ளிக் கீழே போடுங்கள். திடுக்கிடாத குட்டி இராது. திடுக்கிட்ட பிறகு அரை நிமிடத்துக்குள் தட்டை மோந்து பார்க்க வரும் குட்டி நல்லது. மூலையில் ஒடுங்கி வெளியே வராத குட்டியும், மற்றக் குட்டிகளைக் கடித்து அடக்கும் குட்டியும் வேண்டாம்.

எத்தனை நாள் குட்டி? கண் திறந்து நடக்கத் தொடங்கியதும், 30 நாளில் கொண்டுவந்துவிடுவது நம் ஊர் வழக்கம். இது தவறு. குறுகிய கால நெல் நாற்றை 18 முதல் 22 நாளிலும், மத்திய கால நாற்றை 25 முதல் 30 நாளிலும் பறித்து நட வேண்டும் என்று எவ்வளவோ முறை கூறியிருக்கிறோம். முந்தினாலும் பிந்தினாலும் தூர் குறையும். குட்டிக்கும் பறிக்கும் வயது உண்டு. அது 8 வாரம். தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்கும் அந்த 8 வாரத்தில்தான், கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாய் விலகிவிடும். இந்தப் பாடத்தை நாம் பின்னர் கற்பிப்பது மிகக் கடினம். 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளும் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றே கூறுகின்றன.

முதல் நூறு நாள்கள்

அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டனர். 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12ஆம் வாரம் வரை குட்டி எவற்றோடு பழகுகிறதோ அவற்றை வாழ்நாள் முழுவதும் இயல்பானவையாகக் கொள்ளும் என்பது அவர்கள் கண்ட முக்கியமான உண்மை. அந்தக் காலத்தில் காணாதவற்றைப் பின்னர் சந்தேகத்தோடுதான் பார்க்கும். விதைப்புக்குரிய ஈரம் போன பிறகு விதைத்தது போலத்தான், முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம்.

ஆகவே குட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தினமும் இரு வேளை, ஐந்து நிமிடம், கையாளப் பழக்குங்கள். காதைத் திருப்பிப் பாருங்கள். பாதத்தைப் பிடித்து விரல்களை விரியுங்கள். வாலை மெல்லப் பிடியுங்கள். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு துளி அவித்த முட்டையோ ஒரு கிள்ளு வெந்த மீனோ கொடுங்கள். பிள்ளைகள் காதைப் பிடிப்பார்கள், வாலை இழுப்பார்கள். காதைத் தொட்டால் முட்டை வரும் என்று பழகிய நாய் அப்போது திரும்பிப் பார்த்து வாலாட்டும்.

அடுத்தது மனிதர்கள். நம் கழனியில் குட்டி பார்ப்பது வேட்டி கட்டியவர்களும் சேலை கட்டியவர்களும்தான். தலைக்கவசம் அணிந்தவர், மூக்குக் கண்ணாடி அணிந்தவர், பர்தா அணிந்தவர், சீருடைக்காரர், ஊன்றுகோலோடு நடப்பவர், சக்கர நாற்காலியில் வருபவர், இருமுபவர், உரக்கக் கத்தும் பிள்ளை, கையைத் திடீரென வீசும் பிள்ளை என்று எல்லோரையும் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியின் கைத்தடியைக் கடன் வாங்கி நீங்களே ஊன்றி நடந்து காட்டலாம். சக்கர நாற்காலி கிடைக்காவிட்டால் சாமான் ஏற்றும் தள்ளுவண்டியில் தொடங்கலாம்.

ஒலிகளுக்கும் அப்படியே. இதில் தாம்பரம் வட்டாரத்தார் கொடுத்து வைத்தவர்கள் என்பேன். மின்சார ரயில், ஜி.எஸ்.டி. சாலை லாரிகள், விமானப்படை நிலையத்து விமானங்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் குட்டியை நேராகத் தாம்பரம் ரயில் நிலைய நடைமேடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். தண்டவாளத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ரயில் போகும்போது தின்பண்டத்தை நீட்டுங்கள். தின்கிறதா? நாளை 150 மீட்டர். தின்ன மறுக்கிறதா? நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள், பின்னால் வாருங்கள். பசியோடு இருக்கும் குட்டி தீனியை மறுப்பதுதான் அச்சத்தை அளக்க நம்மிடம் உள்ள எளிய அளவுகோல். தீபாவளிக்கு முன் பிறந்த குட்டியாயின் அந்த இரண்டு நாள்கள் வீட்டின் உள்ளறையில், மின்விசிறி ஓசையோடு, கூடவே ஒருவர் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சரவெடி மூன்று மாத வேலையைக் கெடுத்துவிடக்கூடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பழக்க வேண்டிய அதே வாரங்களில்தான் குட்டிக்கு நோய் எதிர்ப்பு குறைவு. பார்வோ நோய் வந்தால் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகச் சில நாள்களில் குட்டி இறந்துவிடும். தெரு நாய்கள் திரியும் மண்ணில் அக்கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தடுப்பூசிகள் முடியும் வரை குட்டியைத் தோளிலோ கூடையிலோ எடுத்துச் செல்லுங்கள். ஊரைக் காட்டுங்கள், தரையில் விட வேண்டாம்.

தடுப்பூசியும் தீனியும்

6 முதல் 8 வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி. இது டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் முதலியவற்றைத் தடுக்கும். பின்னர் 3 முதல் 4 வார இடைவெளியில் மருத்துவர் கூறும் நாள்களில் ஊக்க ஊசிகள். எலிக்காய்ச்சல் தடுப்பை வயல் நாய்க்கு விட்டுவிடவே கூடாது. எலி வளையும் தேங்கிய நீரும் உள்ள இடத்தில்தான் நம் நாய் நாள் முழுவதும் திரிகிறது, அந்நோய் மனிதருக்கும் தொற்றும். 3 மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் கூறும் ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். அட்டையில் தேதி எழுதி வாங்கி வையுங்கள். அட்டை இல்லாத நாயை எந்தப் பள்ளியும் உள்ளே விடக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது.

குடற்புழு மருந்து 3 மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 6 மாதம் வரை மாதம் ஒரு முறை, பின்னர் 3 மாதத்துக்கு ஒரு முறை. நாயின் உருண்டைப் புழு முட்டை குழந்தையின் வயிற்றுக்குள் போனால் கண்ணைக்கூடப் பாதிக்கும் என்பதை மறக்க வேண்டாம். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் பூச்சிமருந்துக் கடையில் பயிருக்கு வாங்கிய மருந்தைக் கலந்து தடவும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பயிர் மருந்து நாயைக் கொல்லும், அந்த நாயைத் தடவிய குழந்தையின் கையிலும் ஒட்டும். கால்நடை மருத்துவர் தரும் மருந்து மட்டுமே.

தீனியில் ஒன்றை வற்புறுத்துகிறேன். கோழிக்கடைக் கழிவையும் ஆட்டுக் குடலையும் பச்சையாகப் போடுவது நம் பக்கம் சாதாரணம். பச்சை இறைச்சி தின்னும் நாயின் வாயிலும் சாணத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். நலிந்த குழந்தைக்கும் முதியவருக்கும் அது ஆபத்து. பச்சைக் குடல், ஈரலிலிருந்து நாடாப்புழுவும் வரும். கழிவேயானாலும் நன்றாக வேகவைத்து, எலும்பை நீக்கிச் சோற்றோடு பிசைந்து போடுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. பள்ளிக்குப் போகும் நாய்க்குப் பிள்ளைகள் ஆசையாகச் சாக்லேட் நீட்டுவார்கள், ஆசிரியையிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.

உறுமலை அடிக்காதீர்கள்

பெரியவரின் கேள்விக்கு நேரான விடை இப்பகுதியில்தான் இருக்கிறது.

நாய் திடீரென்று கடிப்பதில்லை. நமக்குத்தான் அது திடீரென்று தெரிகிறது. முதலில் முகத்தை வேறு பக்கம் திருப்பும். உதட்டை நக்கும். தூக்கம் இல்லாதபோதே கொட்டாவி விடும். கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரக்கண்ணால் பார்க்கும். முன்னங்காலை லேசாகத் தூக்கும், வாலை ஒடுக்கும், நனையாதபோதே உடலை உதறும், வெயில் இல்லாதபோதே இரைக்கும். இவையெல்லாம் 'எனக்கு இது வேண்டாம்' என்று அது சொல்லும் சொற்கள். கேட்காவிட்டால் அசையாமல் விறைத்து நிற்கும். பிறகு உறுமும். அதற்குப் பிறகே பல்.

உறுமியதும் நாம் என்ன செய்கிறோம்? "எசமான் வீட்டுப் பிள்ளையைப் பார்த்தா உறுமுற?" என்று தலையில் தட்டுகிறோம். இரண்டு முறை தட்டினால் உறுமல் நின்றுவிடும். நாய் திருந்திவிட்டது என்று மகிழ்கிறோம். பயிரில் மஞ்சளாகிப்போன இலைகளை எல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு, வயல் பச்சையாகிவிட்டது என்று சொல்வது போன்றது இது. சத்துக் குறை வேரில் அப்படியே இருக்கிறது, காட்டிக்கொடுத்த அடையாளத்தைத்தான் ஒழித்தோம். உறுமக் கூடாது என்று கற்ற நாய், அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். குழந்தைகள் நடுவே அழைத்துச் செல்லத் தகாத நாய்களிலேயே முதலாவது, அடித்து உறுமலை மறக்கச் செய்யப்பட்ட நாய்தான்.

என் அனுபவம் ஒன்று. என் வீட்டில் மணி என்று ஒரு நாய் வளர்ந்தது. யாரைக் கண்டாலும் வாலாட்டும். அந்த வாலை மட்டும் நம்பி, எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஒரு முதியோர் இல்லத்துக்கு அழைத்துச் சென்றேன். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொண்டார்கள். மணி கொட்டாவி விட்டது. காலையில் தூங்கவில்லை போலும் என்று சொல்லிச் சிரித்தேன். உதட்டை நக்கியது. தண்ணீர் கேட்கிறது என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, கழுத்துப்பட்டையைப் பிடித்து ஒரு தாத்தாவின் பக்கம் நானே தள்ளினேன். அவர் ஆசையோடு குனிந்து கட்டிப்பிடித்தார். அடுத்த கணம் அவருடைய சட்டைக் கை கிழிந்தது. தோலில் கீறல் இல்லை. ஆனாலும் மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தத் தாத்தா, "விடுப்பா, பயந்துடுச்சு" என்றார். நாயோடு பத்து நிமிடம்கூடப் பழகாத அவருக்குத் தெரிந்தது, ஆறு ஆண்டு வளர்த்த எனக்குத் தெரியவில்லை. மணியை அதன்பின் எங்கும் அழைத்துச் செல்லவில்லை. வீட்டு நாயாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆகவே குட்டியைப் பழக்குவதில் பாதி, நீங்கள் பழகுவது. தினமும் ஐந்து நிமிடம் கையை நீட்டாமல் குட்டியை வெறுமனே கவனியுங்கள். பேத்தி தூக்கும்போது அதன் காது எங்கே இருக்கிறது, வால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது முகத்தைத் திருப்பிய உடனே பிடியைத் தளர்த்துங்கள். முகம் திருப்பினாலே விடுதலை கிடைக்கும் என்று தெரிந்த நாய்க்குப் பல் காட்டத் தேவை ஏற்படாது.

குட்டி விளையாட்டாகக் கையைக் கவ்வினால் "ஆ" என்று சொல்லி, கையை எடுத்துக்கொண்டு, அரை நிமிடம் திரும்பி நில்லுங்கள். உடன்பிறந்த குட்டி செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள். வாயில் அடிப்பதோ மூக்கை நசுக்குவதோ வேண்டாம்.

ஐந்து சொற்கள் போதும்

உட்கார், படு, இரு, வா, விடு. இவ்வளவே. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "சிட்" என்றும் பாட்டி "ஒக்காரு" என்றும் சொன்னால் குட்டி குழம்பும். தின்பண்டத்தை மூக்குக்கு மேலே உயர்த்தினால் தானாக உட்காரும். உட்காரும் நொடியில் சொல்லைச் சொல்லிப் பண்டத்தைக் கொடுங்கள். ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று நேரம். பசியோடு இருக்கும் வேளை நல்லது.

இவற்றில் 'விடு' மிக முக்கியம். மருத்துவமனைத் தரையில் மாத்திரை விழுந்து கிடக்கும். பிள்ளையின் கையில் பிஸ்கட் இருக்கும். 'விடு' என்றால் நாய் வாயைத் திருப்ப வேண்டும். மேலே பாய்ந்து வரவேற்கும் பழக்கத்தைக் குட்டியிலேயே நிறுத்துங்கள். 3 கிலோ குட்டி பாய்ந்தால் சிரிப்பு வரும், 20 கிலோ நாய் பாய்ந்தால் ஊன்றுகோலில் நிற்பவர் விழுவார். நான்கு காலும் தரையில் இருந்தால்தான் தடவல் கிடைக்கும் என்பது வீட்டின் விதியாக இருக்கட்டும். கயிறு தொய்வாக இருக்கும்படி உங்கள் இடப்பக்கம் நடக்கப் பழக்குங்கள். தெரு நாய்கள் குரைக்கும் மேடவாக்கம், சேலையூர்த் தெருக்களில் இதுவே பெரிய தேர்வு.

ஓராண்டுக்கு முன் வேண்டாம்

6 மாதம் முதல் ஓராண்டு வரை குட்டிக்குப் பருவ வயது. கற்றதை எல்லாம் மறந்தது போல நடக்கும். பழகிய பொருளைக் கண்டு திடீரென்று மிரளும். இது இயல்பு, மீண்டும் பொறுமையாகத் தொடங்குங்கள். ஒரு வயது நிறையாத நாயைப் பணிக்கு அழைத்துச் செல்லக் கூடாது என்பதே உலகெங்கும் இத்துறையினர் பெரும்பாலோர் கடைப்பிடிக்கும் விதி. இனப்பெருக்கத்துக்கு வேண்டாத நாயாயின் கருத்தடை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு வயதில் நீங்களே சோதித்துப் பாருங்கள். அந்நியர் ஒருவர் வந்து தடவட்டும். இருவர் உரக்கச் சண்டையிடுவது போலப் பேசட்டும். பின்னால் ஒரு தட்டு விழட்டும். நீங்கள் மூன்று நிமிடம் கண்ணில் படாமல் போய் வாருங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்றில் உறுமினாலோ, மிரண்டு நீண்ட நேரம் தெளியாவிட்டாலோ அந்த நாய் இப்பணிக்கு இல்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விதைத்த வயல் எல்லாம் விதை நெல்லுக்கு ஆகாது, சோற்றுக்கு ஆகும்.

செல்லும் நாளில்

முந்தின நாள் குளிப்பாட்டி, நகம் வெட்டி, வாரிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் காலை 10 மணிக்கு மேல் தார்ச்சாலையில் நடத்த வேண்டாம். உங்கள் புறங்கையைச் சாலையில் வைத்து ஐந்து எண்ணிப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. தண்ணீரும் ஒரு கிண்ணமும் உடன் கொண்டு செல்லுங்கள். அது எப்போதும் படுக்கும் சாக்கையோ பாயையோ எடுத்துச் சென்று விரியுங்கள். அந்தப் பாய் நாயின் இடம். அதில் ஏறிவிட்டால் யாரும் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு ஆசிரியை சொல்லியிருக்க வேண்டும்.

முதல் முறை 10 அல்லது 15 நிமிடம் போதும். நன்கு பழகிய நாய்க்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை. கயிறு எப்போதும் உங்கள் கையில். நாயை அஞ்சும் பிள்ளையைத் தொடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் பயன்தான். முன்னும் பின்னும் எல்லோரும் சோப்பால் கை கழுவ வேண்டும். முகத்தை நக்க விட வேண்டாம்.

ஆஸ்துமா, நாய் முடி ஒவ்வாமை, திறந்த புண், நோய் எதிர்ப்புக் குறைவு உள்ளவர்களிடம் நாயை நெருங்க விடாதீர்கள். தாம்பரம் என்றதும் 1928இல் தொடங்கிய சானட்டோரியம் நினைவுக்கு வரும். காசநோயாளிகள் உள்ள இடத்துக்கு நாயை அழைத்துச் செல்லக் கூடாது. நாயால் நோயாளிக்கு வரும் தீங்கு ஒரு புறம் இருக்க, மனிதக் காசநோய் நாய்க்கும் தொற்றும்.

எவ்வளவு கவனமாக இருந்தும் பல் பட்டுவிட்டால் மறைக்காதீர்கள். காயத்தை ஓடும் நீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவ வேண்டாம். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று சொல்லி மனிதருக்குப் போட வேண்டிய ஊசியைத் தவிர்க்கக் கூடாது, மருத்துவர் கூறும் எல்லா நாள்களிலும் போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோய் கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது.

வருமானம் உண்டா என்று கேட்பீர்கள். இல்லை. இது சேவைதான். தடுப்பூசிச் செலவும் போக்குவரத்துச் செலவும் உங்களுடையதே. அதனால் ஆடு, கோழி வளர்ப்புப் போல இதைக் கணக்கிட்டு இறங்க வேண்டாம். ஆனால் இவ்வாறு வளர்த்த நாய் பள்ளிக்குப் போகாவிட்டாலும் தபால்காரரையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கடிக்காது.

ஐயம் ஏற்பட்டால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ, வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது. அதன் எல்லைக்குள் நாய் வளர்ப்போர் உரிமம் பற்றி மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நலம்.

படப்பைப் பெரியவரின் குட்டிக்கு இப்போது 9 மாதம். சனிக்கிழமை காலைகளில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், பள்ளி வாசல் வரை கூட்டிச் சென்று, வேப்பமரத்தடியில் பாய் விரித்துச் சிறிது நேரம் படுக்க வைத்துத் திரும்புகிறார். பாயைச் சுருட்டித் தூக்கி வருவது பேத்தியின் வேலை. உள்ளே போக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.